ஒரு நாளைக்கு 2,297 வாடிக்கையாளர்கள்... கடலுக்குள் சலூன் நடத்தும் குட்டி மீன்!

"அக்கா, இது டாக்டர் மீன்க்கா. இதைத் தொட்டியில விட்டுட்டீங்கன்னா மத்த மீனுக்கு நோயே வராது. தொட்டியும் சுத்தமா இருக்கும்."

கோவிலம்பாக்கத்தில், மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருக்கும் மேடவாக்கம் மெயின் ரோட்டில் ஒருவழியாக வண்டியை நிறுத்திவிட்டு, அந்த மீன் கடைக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடம் கடைத் தம்பி இப்படிச் சொன்னார். எட்டு வயது மகன் ஏற்கெனவே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். உள்ளே விரல் நீளத்தில் ஒரு மீன். முகம் வெளிர் மஞ்சள், வால் பக்கம் மின்னும் நீலம். மூக்கிலிருந்து வால் வரை மை தீட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு, பின்னால் போகப் போக அகலமாகிக்கொண்டே போனது. ஒரு நொடி சும்மா இல்லை. மேலும் கீழுமாக ஆடி ஆடி நீந்திக்கொண்டிருந்தது.

வீட்டில் என் கணவர் ஆசை ஆசையாக அமைத்த கடல் மீன் தொட்டி இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலந்து, ஒன்றரை மாதம் காத்திருந்து, ஒரு ஜோடி கோமாளி மீனும் இரண்டு டாம்செல் மீனும் விட்டிருந்தோம். "நீமோவுக்கு டாக்டர் வாங்கித் தாம்மா" என்று மகன் கெஞ்ச, 600 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தோம்.

சரியாக 19-வது நாள் அது செத்துப்போனது.

முதல் வாரம் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. நான்கு மீன்களையும் மாற்றி மாற்றித் துரத்திக் கொத்தியது. டாம்செல் மீன்கள் எரிச்சலாகி அதைத் திருப்பி விரட்டின. நாங்கள் போட்ட தீனி அதன் மூக்கு முன்னால் விழுந்தபோதும் அது திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது வாரம் வயிறு ஒட்டிப்போனது. கடைத் தம்பியிடம் கேட்டால், "அது அப்படித்தான்க்கா. சில வீட்டுல நிக்கும், சில வீட்டுல நிக்காது" என்றார். மகன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "டாக்டருக்கே உடம்பு சரியில்லைன்னா யாரும்மா பார்ப்பாங்க?" என்று கேட்டான். பதில் தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான், நாங்கள் செய்த தப்பு என்னவென்று புரிந்தது. அதற்கு நோய் எதுவும் இல்லை. அது பட்டினியில் செத்திருக்கிறது.

எந்த 'டாக்டர் மீன்'?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஷாப்பிங் மால்களில் காலைத் தொட்டிக்குள் விட்டால் மொய்த்துக் கடிக்குமே, அந்த 'டாக்டர் மீன்' வேறு. தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும் கறுப்பு 'சக்கர்' மீன் வேறு. அவை இரண்டும் நன்னீர் மீன்கள்.

நாங்கள் வாங்கியது 'கிளீனர் ராஸ்' எனப்படும் துப்புரவு மீன். அறிவியல் பெயர் லாப்ராய்டெஸ் டிமிடியேட்டஸ். செங்கடலிலிருந்து பசிபிக் கடல் வரை, பவளப்பாறைகள் இருக்கும் இடங்களில் வாழ்கிறது. நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. அதிகபட்சம் 14 சென்டிமீட்டர் வளரும். இது தொட்டியைச் சுத்தம் செய்யாது. பாசியைத் தொடாது. இது சுத்தம் செய்வது மற்ற மீன்களின் உடம்பை!

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். மேயும் மாடுகளோடு வெள்ளைக் கொக்குகள் கூடவே நடக்கும். உண்ணிக்கொக்கு என்று பெயர். மாடு நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்கும். சில நேரம் மாட்டின் மேல் ஏறி உண்ணியையும் கொத்தும். மாட்டுக்கும் லாபம், கொக்குக்கும் லாபம். ஆனால் மாடு இல்லாவிட்டாலும் கொக்கு பிழைத்துக்கொள்ளும். வயலுக்குப் போகும், தவளை பிடிக்கும். துப்புரவு மீனுக்கு அந்த வசதி இல்லை. மற்ற மீன்களின் உடம்புதான் அதன் வயல், சமையலறை எல்லாமே.

வரிசையில் நிற்கும் மீன்கள்

பவளப்பாறையில் ஒவ்வொரு துப்புரவு மீனுக்கும் நிரந்தரமாக ஓர் இடம் உண்டு. நம் தெருமுனை சலூன் மாதிரி. சுற்று வட்டார மீன்களுக்கு அந்த இடம் தெரியும். தேடி வந்து, முறை வரும்வரை காத்திருக்கும். முறை வந்ததும் சில மீன்கள் தலைகீழாக நின்று அசையாமல் மிதக்கும். சில மீன்கள் வாயையும் செவுளையும் அகலத் திறந்து காட்டும். அதுதான் 'வேலையை ஆரம்பிக்கலாம்' என்பதற்கான சைகை.

களவா மீன் தெரியுமல்லவா? மீன் மார்க்கெட்டில் பெரிய தலையோடு படுத்திருக்குமே, அதுதான். சின்ன மீன் என்றால் ஒரே வாயில் விழுங்கிவிடும். அந்தக் களவாவின் வாய்க்குள் இந்தக் குட்டி மீன் புகுந்து, பல்லிடுக்கைச் சுத்தம் செய்துவிட்டு, செவுள் வழியாக வெளியே வரும். பல் நீட்டிய கடல் விலாங்குகளும் அப்படியே வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கும்.

இதற்குச் சாப்பாடு, மீன்களின் தோலிலும் செவுளிலும் ஒட்டி ரத்தம் குடிக்கும் ஒட்டுண்ணிகள். இறால், நண்டு குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தமான மிகச் சிறிய உயிரினங்கள். அவற்றோடு செத்த தோலையும் தின்னும்.

ஒரு நாளைக்கு எத்தனை? ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறைத் தொடரில் உள்ள லிசர்ட் தீவில், அலெக்ஸாண்ட்ரா க்ரட்டர் என்ற விஞ்ஞானி 1990-களில் பொறுமையாக உட்கார்ந்து கணக்கெடுத்தார். ஒரு துப்புரவு மீன் ஒரு நாளில் சராசரியாக 2,297 முறை மீன்களைப் பரிசோதிக்கிறது. 1,218 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது!

இந்த எண்களைப் படித்தபோதுதான் எனக்குச் சுரீரென்றது. எங்கள் வீட்டுத் தொட்டியில் இருந்தவை நான்கே நான்கு மீன்கள். நாளெல்லாம் கூட்டம் அலைமோதும் கடையை நடத்திய ஒருவரைக் கொண்டுவந்து, நான்கு பேர் மட்டுமே உள்ள வீட்டில் பூட்டிவைத்திருக்கிறோம். அந்த நால்வருக்கும் தலையில் முடியே இல்லை! டாம்செல் மீன்கள் எரிச்சலானதில் ஆச்சர்யம் என்ன?

'ருசி' கண்ட பூனை

இவ்வளவு சொன்னதும், இது ஏதோ சேவை மனப்பான்மையுள்ள மீன் என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கு ஒட்டுண்ணியைவிட ரொம்பப் பிடித்தது வேறொன்று. மீன்களின் உடம்பைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான கோழை. அது மீனுக்குப் பாதுகாப்புக் கவசம். முடிவெட்டச் சொன்னால் காதைக் கடிக்கும் பார்பர் மாதிரி, இது சந்தடி சாக்கில் அந்தக் கோழையை ஒரு கடி கடித்துவிடும். கடிபட்ட மீன் துள்ளி விழும். சில மீன்கள் திருப்பித் துரத்தும். சில மீன்கள் கோபித்துக்கொண்டு வேறு 'சலூன்' தேடிப் போய்விடும்.

சுவிட்சர்லாந்தின் நூஷாடெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெடுவான் ப்ஷாரி, பல ஆண்டுகளாக இந்தக் கொடுக்கல் வாங்கலை ஆராய்ந்து வருபவர். அவரும் மற்றவர்களும் கண்டறிந்த விஷயங்களைப் படித்தால், நம் தெரு மளிகைக் கடை நினைவுக்கு வருகிறது.

பாறையைவிட்டு நகராத உள்ளூர் மீனும், நாலு இடம் சுற்றும் வெளியூர் மீனும் ஒரே நேரத்தில் வந்தால், வெளியூர் மீனுக்குத்தான் முதல் கவனிப்பு. உள்ளூர் மீன் எங்கே போய்விடப் போகிறது, காத்திருக்கட்டும்! (புது வாடிக்கையாளருக்கு முதலில் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, 'நீங்க நம்ம ஆளுதானே' என்று நம்மை நிற்கவைக்கும் அண்ணாச்சியை யாருக்கெல்லாம் ஞாபகம் வருகிறது?)

அடுத்து, வேடிக்கை பார்ப்பவர்கள். அடுத்த மீன் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால், துப்புரவு மீன் ஒழுங்காக வேலை செய்கிறது. யாரும் பார்க்காதபோது கைவரிசையைக் காட்டுகிறது. காத்திருக்கும் மீன்களும் சும்மா இல்லை. ஒழுங்காக நடந்துகொள்ளும் துப்புரவு மீன் பக்கமே அதிகம் ஒதுங்குகின்றன. ப்ஷாரியும் க்ரட்டரும் சேர்ந்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு இது. நல்ல பேர்தான் மூலதனம் என்பது கடலுக்குள்ளும் செல்லுபடியாகிறது.

களவா மாதிரியான வேட்டை மீன்களிடம் மட்டும் இது வாலாட்டுவதே இல்லை. அவற்றை அணுகும்போது கூடுதல் மரியாதை வேறு: கீழ்த் துடுப்புகளால் முதுகை மெல்ல வருடிக் கொடுக்கிறது. இந்த வருடல் உண்மையிலேயே மீன்களுக்கு இதமாக இருக்கிறதா? 2011-ல் ஒரு சோதனை செய்தார்கள். துப்புரவு மீன் பொம்மையை அசையவைத்து, அது மீன்களை வருடும்படி செய்தார்கள். அந்த மீன்களின் உடலில் மனஅழுத்த ஹார்மோன் குறைந்தது. சலூனில் முடிவெட்டியபின் தலையை ஒரு பிடி பிடித்துவிடுவார்களே, அதே சுகம்!

ஓர் ஆண் மீன், பல பெண் மீன்கள் என்பதுதான் இவற்றின் குடும்பம். சேர்ந்து வேலை செய்யும்போது பெண் மீன் கோழையைக் கடித்து வாடிக்கையாளரை ஓட்டிவிட்டால், ஆண் மீன் அதைத் துரத்தித் துரத்திக் கண்டிக்கும். அதன்பின் அந்தப் பெண் மீன் கொஞ்சம் அடங்கி நடக்கும். ஆனால் ஆணின் ஆட்டமெல்லாம் அது இருக்கும்வரைதான். ஆண் செத்துப்போனால், கூட்டத்தில் பெரிய பெண் மீன் சில மணி நேரத்திலேயே பொறுப்பைக் கையில் எடுக்கும். சில வாரங்களில் முழு ஆணாகவே மாறிவிடும்.

இங்கேயும் போலி டாக்டர்

நல்ல பேர் எடுத்த கடை இருந்தால், அதே போர்டு மாட்டிப் போலிக் கடையும் வருமே! அச்சு அசலாக இதே நீலம், இதே கறுப்புக் கோடு, இதே ஆட்டத்தோடு வேறொரு இன மீன் இருக்கிறது. சுத்தம் செய்யத்தான் வருகிறது என்று நம்பி அசையாமல் நிற்கும் மீனின் துடுப்பை ஒரு கடி கடித்துவிட்டு ஓடிவிடும். அனுபவப்பட்ட பெரிய மீன்கள் சுதாரித்துக்கொள்ளும். விவரம் தெரியாத இளம் மீன்கள்தான் பெரும்பாலும் ஏமாறும்.

நாலு வயதுக் குழந்தையைவிட...

வாடிக்கையாளர்களை நினைவில் வைத்து, யார் உள்ளூர், யார் வெளியூர் என்று கணக்குப் போட மூளை வேண்டாமா? ப்ஷாரியின் குழு ஒரு பரீட்சை வைத்தது. ஒரே அளவு உணவோடு இரண்டு தட்டுகள். ஒரு தட்டில் முதலில் சாப்பிட்டால் மற்றதை எடுத்துவிடுவார்கள். மற்றதில் முதலில் சாப்பிட்டால் இரண்டுமே கிடைக்கும். வெளியூர், உள்ளூர் வாடிக்கையாளர் கணக்கேதான் இது. வளர்ந்த துப்புரவு மீன்கள் சூட்சுமத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டன. அதே பரீட்சையில் கபுச்சின் குரங்குகளும் ஒராங்உட்டான்களும் திணறின. சிம்பன்சிகளிலும் சில மட்டுமே தேறின. ஆராய்ச்சியாளர் தன் நான்கு வயது மகளுக்கும் மிட்டாய் வைத்து இதே பரீட்சை நடத்தினாராம். 100 முறை முயன்றும் அந்தக் குழந்தை தேறவில்லை!

கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று உணரும் திறன் மனிதக் குரங்கு, டால்பின், யானை போன்ற சில விலங்குகளுக்கே உண்டு என்று நினைத்திருந்தார்கள். ஜப்பானின் ஒசாகா நகர விஞ்ஞானிகள் இந்த மீனின் தொண்டையில் ஒட்டுண்ணி போன்ற ஒரு புள்ளியை வைத்து, எதிரே கண்ணாடியை வைத்தார்கள். கண்ணாடியில் பார்த்த மீன், தன் தொண்டையைத் தரையில் உரசித் துடைக்கப் பார்த்தது. 2019-ல் வெளியான இந்த ஆய்வு பெரிய விவாதத்தையே கிளப்பியது.

கடையை மூடினால் ஊருக்கு என்ன ஆகும்?

எங்கள் வீட்டில் மீன் செத்தது எங்களுக்கு 600 ரூபாய் நஷ்டம், மகனுக்கு இரண்டு நாள் அழுகை. ஆனால், அந்த மீனைப் பிடித்து வந்தார்களே ஒரு பாறை, அங்கே என்ன ஆகியிருக்கும்?

இதற்கும் விடை இருக்கிறது. முதலில் ஒரு சிறிய சோதனை. கூண்டில் அடைத்த மீன்களில் சிலவற்றுக்குத் துப்புரவு மீனின் சேவை கிடைக்கும்படியும், சிலவற்றுக்குக் கிடைக்காதபடியும் செய்தார் க்ரட்டர். வெறும் 12 மணி நேரத்தில், சேவை கிடைத்த மீன்களிடம் ஒட்டுண்ணிகள் 4.5 மடங்கு குறைவாக இருந்தன.

பிறகு பெரிய சோதனை. அதே லிசர்ட் தீவில், சில சிறு பாறைகளில் இருந்து மட்டும் துப்புரவு மீன்களை அகற்றினார்கள். புதிதாக வந்து சேர்ந்தவற்றையும் தொடர்ந்து அகற்றிக்கொண்டே இருந்தார்கள். எட்டரை ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தால், அந்தப் பாறைகளில் குடியிருக்கும் மீன்களின் எண்ணிக்கை மற்ற பாறைகளைவிட 37 சதவிகிதம் குறைவு. மீன் வகைகளில் 23 சதவிகிதம் குறைவு. சில வகை மீன்கள் அளவிலும் சிறுத்திருந்தன. 2011-ல் வெளியான இந்த ஆய்வு, விரல் நீள மீன் ஒன்று இல்லாமல் போனால் ஒரு பாறையே எப்படிக் காலியாகும் என்று காட்டியது.

நம் கடலின் கதை

ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகளும் உண்டு. நம் மீனவர்கள் 'பார்' என்பார்கள். 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல காலம் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததில், இரண்டு தீவுகள் நீரில் மூழ்கியே போயின. வெட்டுவது நின்றபின் பாறைகள் கொஞ்சம் மூச்சு விட்டன. ஆனால் கடல் சூடாகி, 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்தன. ஏற்கெனவே நோஞ்சானாகிவிட்ட பாறைக்குத் துப்புரவுத் தொழிலாளியும் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன கணக்கே சொல்கிறது.

இதில் மீன் பிடிப்பவரையோ, விற்கும் தம்பியையோ மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் யாரோ 'டாக்டர் மீன்' என்று சொல்லித்தான் விற்றிருப்பார்கள். கேட்டு வாங்க நாம் இருக்கும்வரை, அது பெட்டியில் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

கடல் மீன் தொட்டி ஆசையா? இதைக் கவனியுங்கள்!

* துப்புரவு மீனை வீட்டுத் தொட்டிக்கு வாங்காதீர்கள். பெரிய மீன்கள் ஏராளமாக உள்ள பிரமாண்ட காட்சியகங்களில் தாக்குப்பிடிக்கலாம். வீட்டில் பெரும்பாலும் பட்டினிதான்.

* கடல் மீன்களுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோயை இது குணப்படுத்தாது. அந்தக் கிருமி தோலுக்கு அடியில் புதைந்திருக்கும். புது மீனைச் சில வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பதே சரியான வழி.

* 'கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா?' என்று கடையில் கேளுங்கள். கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைக்கும் தொழில்நுட்பத்தை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் உருவாக்கியிருக்கிறது. பண்ணையில் பிறந்த மீன் தீனிக்குப் பழகியிருக்கும். நீண்ட நாள் வாழும்.

* எந்த மீனாக இருந்தாலும், வாங்கும் முன் கடையிலேயே தீனி போடச் சொல்லிப் பாருங்கள். சாப்பிடாத மீனை வாங்காதீர்கள்.

* முதல்முறை வளர்ப்பவர்கள் கப்பி, மோலி போன்ற நன்னீர் மீன்களில் ஆரம்பிக்கலாம். இவை பண்ணைகளில் வளர்க்கப்படுபவை. செலவும் குறைவு.

* சக்கர் மீன் பெரிதாகிவிட்டது என்று ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இது பரவி, உள்ளூர் மீன்களுக்கு ஆபத்தாகவும், மீனவர் வலைகளுக்குச் சேதமாகவும் இருக்கிறது.

போன மாதம் தீனி வாங்க அதே கடைக்குப் போயிருந்தோம். எங்களுக்கு முன்னால் ஓர் அப்பா, கையில் சின்னப் பெண். அதே மாதிரி ஒரு நீல மீன் தொட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. "இது தொட்டியைச் சுத்தம் பண்ணுமா தம்பி?" என்று கேட்டார் அவர். கடைத் தம்பி ஒரு நிமிடம் எங்களைத் திரும்பிப் பார்த்தார். என் மகன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதை விடுங்க சார், வீட்டுல நிக்காது. வேற காட்டறேன்" என்றார் தம்பி.

அவர்கள் ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கிப் போனார்கள்.